‘ணா, சிக்குது!’

யூடியூபில் கேம் லைவ் போட ஆரம்பித்த முதல் நாலு மாசத்தில் என் சாட்டில் அதிகம் விழுந்த வார்த்தை இதுதான். படம் திக்கித் திக்கி வருகிறது என்று அர்த்தம். ‘ஹாய்’யை விட, ‘சூப்பர் ணா’வை விட. ஒருத்தர் மட்டும் கொஞ்சம் கற்பனையோடு, “ப்ரோ, கேம் ஆடுறீங்களா, கொத்து பரோட்டா போடுறீங்களா?” என்று கேட்டார். மொபைலை எடுத்து என் சேனலை நானே திறந்து பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஜிடிஏ 5 கேமில் மழை பெய்துகொண்டிருந்தது. கார், ரோடு, மனுஷன் எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டிப்போட்ட மாதிரி கிடந்தது.

சென்னை அயனாவரத்தில் இரண்டாவது மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டைமாடி. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல் லைவ். கையில் இருந்தது 2020இல் வாங்கிய லேப்டாப்: நாலு கோர் ஐ5 சிபியு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். இதை வைத்து லைவே போட முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. முடியும். ஆனால் எனக்கு அது புரிய ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் தேவைப்பட்டன.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சிக்குதுன்னா நெட்தான், வேறென்ன என்று நினைத்து 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினேன். மாசம் முந்நூறு ரூபாய் கூட. அன்றைக்கு ராத்திரியும் அதே கொத்து பரோட்டா. நான் அனுப்பிக்கொண்டிருந்ததோ 6000 கேபிபிஎஸ், அதாவது வெறும் 6 எம்பிபிஎஸ். நூறு பிடிக்கிற குழாயில் ஆறு ஒழுங்காகப் போகவில்லையென்றால், இருநூறு பிடிக்கிற குழாயை மாட்டி என்ன ஆகப்போகிறது? குடத்தோடு குழாயடியில் நின்று வளர்ந்தவன் நான். தண்ணி விட்டு விட்டு வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்பதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஆபீஸில் ஒரு அண்ணன், முன்பு நெட்வொர்க் சப்போர்ட்டில் இருந்தவர். டீக்கடையில் புலம்பினேன்.

“எந்த நம்பர் ஏறுதுன்னு பாத்தியா?”

“என்ன நம்பர்ணா?”

“அது சரி. ஜுரமா, வயித்து வலியான்னே தெரியாம மாத்திரை வாங்கி முழுங்கிட்டு வந்திருக்க.”

அன்று ராத்திரிதான், லைவ் அனுப்புகிற மென்பொருளான ஓபிஎஸ்ஸில் வியூ மெனுவுக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்தேன். நாலு மாசமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதில் மூன்று வரிகள் முக்கியம். ஃப்ரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம். ரெண்டரிங் லேக்கால் தவறிய ஃப்ரேம்கள் ஒன்று, என்கோடிங் லேக்கால் விட்டுப்போன ஃப்ரேம்கள் ஒன்று, நெட்வொர்க்கில் ட்ராப் ஆன ஃப்ரேம்கள் ஒன்று. பார்க்கிறவருக்கு மூன்றுமே ‘சிக்குது’தான். ஆனால் மூன்றும் மூன்று இடத்துக் கோளாறு.

டிபன் கடையாக வைத்துப் பாருங்கள். உள்ளே மாவு ஆட்டுகிறவர் லேட் என்றால் தோசை வராது. அது ரெண்டரிங், அதாவது படத்தை உருவாக்குகிற இடம்; கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. மாவு இருக்கிறது, கல்லில் நிற்கிற மாஸ்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றால் அது என்கோடிங், அதாவது படத்தைச் சுருக்கி வீடியோவாக்குகிற இடம். தோசையும் சுட்டாச்சு, பார்சல் எடுத்துப்போகிற பையன் சிக்னலில் மாட்டிக்கொண்டான் என்றால் அதுதான் நெட்வொர்க். மாவு ஆட்ட ஆளில்லாத கடைக்கு இன்னொரு டெலிவரி பையனை வேலைக்கு வைத்தவன்தான் நான்.

அரை மணி நேரம் ஆடிவிட்டுப் பார்த்தேன். நெட்வொர்க் ட்ராப் 0.2 சதவீதம். என்கோடிங் 3 சதவீதம். ரெண்டரிங் லேக் 14 சதவீதம். ஏழு ஃப்ரேமுக்கு ஒன்று ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே செத்துப்போயிருக்கிறது. நெட் வரைக்கும் அது போகவே இல்லை.

எனக்கு அப்போது விநோதமாக இருந்தது ஒன்றுதான்: என் திரையில் கேம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அதுவேதான் காரணம் என்பது பிறகு புரிந்தது. கேமில் ஃப்ரேம் லிமிட் எதுவும் போடாமல் விட்டிருந்தேன். அது கார்டை 99 சதவீதம் உறிஞ்சிக்கொண்டு, தன்னால் முடிந்த அத்தனை ஃப்ரேமையும் போட்டது. ஓபிஎஸ்ஸுக்கும் தன் காட்சியை அடுக்கிச் சேர்க்க அதே கார்டில் கொஞ்சம் இடம் வேண்டும். பந்தியில் ஒருத்தரே எல்லா இலையிலும் உட்கார்ந்துகொண்டால் அடுத்தவர் எங்கே உட்காருவார்? கேமை 60 ஃப்ரேமில் நிறுத்தினேன். ஜிடிஏவில் புல்லின் தரத்தை இரண்டு படி குறைத்தேன், ஓரங்களை வழவழப்பாக்குகிற எம்எஸ்ஏஏவை அணைத்தேன். அந்த இரண்டும் கார்டை ரொம்ப வாட்டும், பார்க்கிறவர்களோ கவனிக்கவே மாட்டார்கள். கார்டு 80 சதவீதத்துக்கு இறங்கியது. ரெண்டரிங் லேக் 14இலிருந்து 1க்குக் கீழே வந்தது. பைசா செலவில்லை.

மிச்சமிருந்த கொஞ்சத்துக்கு இரண்டு வேலை. ஓபிஎஸ்ஸை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பது; அப்படித் திறந்தால்தான் விண்டோஸ் அதற்குக் கிராபிக்ஸ் கார்டில் முன்னுரிமை தருகிறது. அடுத்து, சீனில் குவிந்துகிடந்த பிரவுசர் சோர்ஸ்களைக் களையெடுப்பது. சாட் பெட்டி, அலர்ட், ஃபாலோயர் கணக்கு, மூலையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பூனை என்று ஏழு இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளே ஓடுகிற ஒரு வெப்பக்கம். பூனையை எடுத்ததற்கு மட்டும் சாட்டில் இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள்.

என்கோடிங்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நான் எக்ஸ்264 என்கிற மென்பொருள் என்கோடரில் விட்டிருந்தேன், அது சிபியுவைத் தின்கிறது. நாலு கோர் வைத்துக்கொண்டு ஜிடிஏவையும் ஓட்டி எக்ஸ்264யும் ஓட்டுவது, ஒரே அடுப்பில் சாம்பாரும் பாயசமும் வைப்பது போல. என்வென்க்குக்கு மாற்றினேன். கிராபிக்ஸ் கார்டுக்குள் என்கோடிங்குக்கென்றே தனியாக இருக்கிற பகுதி அது. கேமின் வேலையில் ஏறக்குறைய கை வைக்காது. அதிலேயே லுக் அஹெட், சைக்கோ விஷுவல் டியூனிங் என்று இரண்டு டிக் உண்டு. அவை மட்டும் கார்டின் பொது வேலையிலிருந்து பங்கு கேட்கும், அதனால் கார்டு நிரம்பி வழிகிறபோது அணைத்துவிடுங்கள். கீஃப்ரேம் (முழுப் படமாக அனுப்புகிற ஃப்ரேம்) இடைவெளி 2 விநாடி, ரேட் கண்ட்ரோல் சிபிஆர், அதாவது எப்போதும் ஒரே பிட்ரேட் (விநாடிக்கு அனுப்புகிற பிட் கணக்கு). இந்த இரண்டையும் ஒரு தடவை வைத்தால் பிறகு தொட வேண்டியதில்லை. எட்டு ஜிபி ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் இன்னொரு எட்டைப் பக்கத்தில் போடுங்கள். ரேம் கூடுவது ஒரு பக்கம். இரண்டு துண்டும் சேர்ந்து இரட்டை சேனலில் ஓடுவதாலேயே கேமின் தடுமாற்றம் குறையும்.

இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் மே 4, கத்திரி பிறந்தது.

லைவ் 9 மணிக்கு அருமையாகத் தொடங்கும். சரியாக 9.40க்கு ரெண்டரிங் லேக் மறுபடி ஏறும். நாற்பது நிமிஷக் கணக்கு மட்டும் தப்பவே இல்லை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் சூட்டைப் பதிவு செய்தேன். ஆரம்பத்தில் சிபியு 78 டிகிரி, கார்டு 70. நாற்பதாவது நிமிஷம் சிபியு 96, கார்டு 86. அந்த இடத்தில் கார்டின் வேகம் 1700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1150க்கு விழுந்திருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே மெதுவாகிறது. அதற்குப் பெயர் தெர்மல் த்ராட்லிங்.

மொட்டைமாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் ரூமில் சூரியன் அஸ்தமிப்பது ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான். பகல் முழுக்க வாங்கிய சூட்டை தளம் ராத்திரியில்தான் கீழே இறக்கும். அறை 35 டிகிரி என்றால் லேப்டாப் உள்ளே இழுப்பதும் 35 டிகிரிக் காற்றுதான். கூலிங் பேட் வாங்கலாம் என்று போனவனை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் தடுத்தார். “தம்பி, முதல்ல அதைத் தொறப்போம். உள்ள மெத்தை தெச்சு வெச்சிருப்ப.” திறந்தார். மெத்தைதான். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு பட்டை, நகத்தால் நிமிண்டினால் முழுசாக உரிந்து வந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகி இருந்தது. நாலு வருஷமாகப் போர்வை மேல் வைத்து ஆடிய புண்ணியம். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்ததும் அதே நாற்பதாவது நிமிஷத்தில் சிபியு 85, கார்டு 75. பின்பக்கம் இரண்டு இஞ்சு உயர்த்தி வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்ட். கூலிங் பேட் வாங்கவே இல்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணி ஊற்றிப் பார்த்ததும் உண்டு. அறையில் இரண்டு டிகிரி குறைந்தது. மூன்றாம் நாள் வீட்டு ஓனர் படியேறி வந்தார். “தம்பி, லாரித் தண்ணியை மாடில கொட்டிட்டு கம்ப்யூட்டர் கேம் ஆடுறியாமே?” அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

ஒரு விஷயம் முக்கியம்: இந்தச் சூட்டுக் கோளாறு முதல் பத்து நிமிஷத்தில் தலைகாட்டாது. அதனால் ஐந்து நிமிஷம் டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், அதுவும் நீங்கள் வழக்கமாக லைவ் போடுகிற அதே நேரத்தில், அதே கதவு ஜன்னல் நிலையில்.

இப்போது கொத்து பரோட்டாவுக்கு வருகிறேன். ரெண்டரிங் சரி, சூடு சரி, மூன்று வரியும் பூஜ்யம். தடுமாற்றம் போய்விட்டது. ஆனால் மழை வந்தால், புல்வெளியில் ஓடினால், படம் இன்னும் கரைகிறது. ஸ்டாட்ஸ் பெட்டி ஒன்றுமே சொல்லாத நாலாவது வியாதி இது. தோசை நேரத்துக்கு வருகிறது, ஆனால் மாவு பற்றாமல் கல் தெரிகிற மாதிரி மெல்லிசாக வார்த்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 1920 பெருக்கல் 1080, விநாடிக்கு 60 ஃப்ரேம். ஒரு விநாடியில் ஏறக்குறைய 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். நான் அதற்குக் கொடுத்த தீனி விநாடிக்கு 60 லட்சம் பிட். இருபது புள்ளி சேர்ந்து ஒரு பிட்டைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். என்கோடர் எப்படிச் சமாளிக்கிறது? போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் எது மாறியதோ அதை மட்டும் எழுதும். சும்மா நிற்கிற சுவருக்கு ஒன்றும் செலவில்லை. மழை என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரை முழுக்க மாறுகிறது. புல்லும் அப்படித்தான், வெடிக்கிற புகையும் அப்படித்தான். எழுத இடமில்லாமல் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரே சதுரமாகப் பூசிவிடுகிறது. வேலரன்ட் ஆடினால் என் ஸ்ட்ரீம் சுத்தமாக இருந்ததும் ஜிடிஏ மட்டும் கரைந்ததும் இதனால்தான். வேலரன்ட்டின் சுவர்கள் வெறும் வண்ணப் பூச்சு.

அந்த 6000 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஏதோ ஒரு வீடியோவில் ‘பெஸ்ட் செட்டிங்ஸ்’ என்று சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். அது ட்விட்ச் என்கிற இன்னொரு லைவ் தளத்துக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு. நான் போடுவதோ யூடியூபில். 1080 60க்கு யூடியூப் பரிந்துரைப்பது 12 எம்பிபிஎஸ். பக்கத்து ஊர்க் கல்யாணத்தின் சமையல் பட்டியலை எடுத்துவந்து நம் வீட்டு விசேஷத்துக்கு மளிகை வாங்கின கதை. 12,000 ஆக்கினேன், மழையில் முகம் தெரிந்தது. ஃபைபர் லைனில் அப்லோடும் தாராளம் என்பதால் இதற்கு 100 எம்பிபிஎஸ் பிளானே ஏராளம். மறுநாள் போன் செய்து 200ஐ ரத்து பண்ணிவிட்டேன்.

அப்லோடு அவ்வளவு இல்லாதவர்களுக்கு என் யோசனை, தயங்காமல் 720க்கு இறங்குங்கள். 720 60இல் விநாடிக்கு ஐந்தரைக் கோடிப் புள்ளிகள்தான்; அதே 6000 வைத்தால் ஒன்பது புள்ளிக்கு ஒரு பிட். கரைந்த 1080ஐ விடத் தெளிவான 720 எவ்வளவோ மேல். அதுவும் என் சாட்டில் பாதிக்குமேல் ஆறு இஞ்சு மொபைலில் பார்க்கிறவர்கள். ‘1080 போடலையா?’ என்று கேட்கிறவர் ஒருத்தர் எப்போதும் இருப்பார், இருந்துவிட்டுப் போகட்டும்.

யூடியூபில் இன்னொரு சூட்சுமம். உங்கள் லைவ் ஓடும்போது வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ பாருங்கள். கோடெக்ஸ் என்ற வரியில் ஏவிசி1 என்று இருந்தால் பழைய முறையில் சுருக்கித் தருகிறார்கள். விபி09 என்றிருந்தால் அதே அளவு டேட்டாவில் படம் சுத்தமாக நிற்கும். என் மாதிரி சின்னச் சேனலுக்கு 1080இல் அனுப்பினால் ஏவிசி1தான் வந்தது. ஓபிஎஸ் அவுட்புட்டை 1440 ஆக்கி அனுப்பியதும் விபி09 வந்துவிட்டது. கேம் என்னவோ 1080இல்தான் ஓடுகிறது, வெறுமனே பெரிதாக்கி அனுப்புகிறேன். பார்க்கிறவர் 1080இல் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிகிறது. இதற்குக் கார்டில் கூடுதல் சுமை உண்டு, பிட்ரேட்டும் ஏற்ற வேண்டும். அதனால் வேலரன்ட் நாட்களில் மட்டும் 1440. ஜிடிஏ நாட்களில் பேராசை வேண்டாம் என்று 1080.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்தது. இந்தத் தடவை ஏறியது மூன்றாவது வரி. நெட்வொர்க் ட்ராப் 9 சதவீதம். கடைசியில் நிஜமாகவே நெட். ஆறு மாசம் முன்னால் அநியாயமாகச் சந்தேகப்பட்டவனை இப்போது கையும் களவுமாகப் பிடித்த திருப்தி.

ஸ்பீட் டெஸ்ட் அடித்தால் மட்டும் 94 எம்பிபிஎஸ் என்று பல்லைக் காட்டும். அதை நம்பாதீர்கள். ஸ்பீட் டெஸ்ட் பல இணைப்புகளைத் திறந்து, கொஞ்ச விநாடி மட்டும் முழு மூச்சாக ஓடுகிற ஓட்டம். ஸ்ட்ரீம் ஒற்றை இணைப்பில் மூன்று மணி நேரம் ஒரே வேகத்தில் நடக்கிற நடை. நடுவில் இரண்டு விநாடி இருமினாலும் போதும், ஓபிஎஸ்ஸிடம் அனுப்பாத ஃப்ரேம்கள் குவிந்து, அது சிலவற்றைத் தூக்கி எறிந்துவிடும்.

அண்ணன் சொல்லிக்கொடுத்த வைத்தியம் இதற்குப் பிரமாதம். கமாண்ட் ப்ராம்ப்ட்டை இரண்டு தடவை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் வீட்டு ரூட்டருக்கு விடாமல் பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பது), என் வீட்டில் அது 192.168.1.1. இன்னொன்றில் வெளியே, கூகுளின் சர்வரான 8.8.8.8க்கு விடாமல் பிங். ரூட்டருக்கே பிங் 2, 3, 180, 4 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள், அதாவது வைஃபை. ரூட்டருக்கு 1, 1, 1 என்று அமைதியாக இருந்து வெளியே மட்டும் குதித்தால் கோளாறு வாசலுக்கு வெளியே.

எனக்கு இரண்டுமே இருந்தது. முதலில் வீட்டுக்குள். போனில் வைஃபை அனலைசர் போட்டுப் பார்த்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருபத்து மூன்று ரூட்டர்கள். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மூன்று வரிசையில் இருபத்து மூன்று வீடு. ரேஷன் கடை தோற்றுவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் கூட்டம் குறைவு, ஆனால் ஹாலுக்கும் என் ரூமுக்கும் நடுவில் இரண்டு சுவர். சேனல் மாற்றி, ரூட்டரைத் திருப்பி வைத்து, ஒரு வாரம் போராடினேன். பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டில் 15 மீட்டர் கேட்6 கேபிள் வாங்கிவந்து கதவு நிலை ஓரமாகவே கிளிப் அடித்து இழுத்தேன். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. “ஊரெல்லாம் ஒயரில்லாம ஆகுது, நீ ஒயர் இழுக்குற” என்றாள் அம்மா. ரூட்டர் பிங் 1, 1, 1. லைவ் போடுகிறவர்கள் வேறெதற்கும் செலவு பண்ணாவிட்டாலும் இதற்குச் செலவு பண்ணலாம் என்பது என் கட்சி.

அப்படியும் மழை வலுத்தால் வெளிப் பிங் குதித்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்கிற அதே பாட்டு. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும், டிபிஎம்மில், மைனஸில். ஃபைபர் வழியாக வருகிற வெளிச்சம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது அது; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் மங்கல். வீட்டு ஃபைபர் கருவிகள் பொதுவாக மைனஸ் 27 வரைக்கும்தான் ஒழுங்காகப் படிக்கும். எனக்கு வெயில் நாளில் மைனஸ் 25. மழை நாளில் மைனஸ் 29. போட்டோ எடுத்து, தேதியோடு, லைன் பார்க்கிற தம்பிக்கு வாட்ஸப்பில் நேரடியாக அனுப்பினேன். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் ரீஸ்டார்ட் பேச்சே எடுக்கவில்லை, மறுநாள் காலையில் ஏணியோடு வந்துவிட்டார். தெருமுனைக் கம்பத்தில் பெட்டி மூடி உடைந்து, ஜாயின்ட் தண்ணியில் ஊறிக்கொண்டிருந்தது. வெட்டி ஒட்டினார். மைனஸ் 21. அதற்கப்புறம் வந்த அடைமழையிலும் அசையவில்லை. ‘நெட் ஸ்லோ’ என்று பத்துத் தடவை சொன்னதைவிட ‘மைனஸ் 29 வருதுங்க’ என்று ஒரு தடவை சொன்னது வேலை செய்தது.

கரண்ட் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன், லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, இனிமேல் என்ன கவலை என்று தெனாவட்டாக இருந்தேன். கரண்ட் போன முதல் நாள் நெட் தாக்குப்பிடித்தது, லைவும் தாக்குப்பிடித்தது, ஆனால் கேம் 60இலிருந்து 22 ஃப்ரேமுக்கு விழுந்தது. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் கார்டுக்குப் பவரைக் கட்டுப்படுத்திவிடும். இப்போது கரண்ட் போனால் கேமை 30இல் பூட்டுகிற ஒரு ஹாட்கீ வைத்திருக்கிறேன். பதினைந்து நிமிஷம் அப்படியே கதை பேசி ஓட்டிவிடலாம். இருட்டில் முகம் தெரியாமல் பேசினால் சாட் இன்னும் கலகலப்பாகிறது, ஏனென்று தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது ‘சிக்குது’ என்றால் எடுத்தவுடன் செட்டிங்ஸில் கை வைப்பதில்லை. லைவ் நடுவில் பதறிப்போய் பிட்ரேட்டைக் குறைத்து, அதற்காக ஸ்ட்ரீமை நிறுத்தித் திறந்து, இருந்த நாற்பது பேரில் இருபது பேரை இழந்த அனுபவம் உண்டு. இப்போது முதலில் மூன்று எண்ணைப் பார்ப்பேன். பிறகு சாட்டில், “எல்லாருக்கும் சிக்குதா மக்களே? சிக்குதுன்னா 1 போடுங்க, நல்லா வருதுன்னா 2 போடுங்க.” 2 மழையாகக் கொட்டினால் அது அந்த ஒருத்தருடைய சிக்னல். க்வாலிட்டியை 480க்கு இறக்கச் சொல்வேன். அடிக்கடி ஒரே புகார் வந்தால், சாட்டோடு உடனுக்குடன் பேச வசதியாக இருக்கட்டும் என்று நான் வைத்திருக்கும் அல்ட்ரா லோ லேட்டன்சியை (தாமதம் மிகக் குறைவான செட்டிங்) சாதாரண லேட்டன்சிக்கு மாற்றிவிடுவேன். அல்ட்ரா லோவில் பார்க்கிறவர்களின் போனில் முன்கூட்டிச் சேமிப்பு குறைவு, மொபைல் டேட்டாவில் சின்னத் தடங்கல் வந்தாலும் வட்டம் சுற்றும்.

இன்னொரு பழக்கம், ஸ்ட்ரீம் ஓடும்போதே ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கும் போட்டுவிடுவது. மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பேன். ரெக்கார்டிங்கிலும் தடுமாறினால் தப்பு என் மேஜையில். ரெக்கார்டிங் சுத்தம், யூடியூபில் மட்டும் தடுமாறுகிறது என்றால் வழியில். இரண்டும் சுத்தம், ஆனாலும் புகார் வந்தது என்றால் பார்த்தவர் பக்கம். புது செட்டிங் எதையும் நேரடி லைவில் சோதிப்பதில்லை. பிரைவேட்டில் ஒரு லைவ் திறந்து, நானே எனக்கு மட்டும் ஒளிபரப்பி, ஜிடிஏவில் மழையை வரவழைத்து ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். ஒரு சமயத்தில் ஒரு செட்டிங்தான். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

போன வெள்ளிக்கிழமை லைவ். நூற்றுப் பத்து பேர் இருந்தார்கள், எனக்கு அது திருவிழா. பாதியில் ஒருத்தர்: “ணா சிக்குது ணா, ஒண்ணுமே தெரியல.” வயிற்றில் அந்தப் பழைய புளி கரைந்தது. இடது பக்கம் இருக்கிற ஸ்டாட்ஸ் பெட்டியைப் பார்த்தேன். 0, 0, 0.1. கேட்டேன், 2 கொட்டியது.

“தம்பி, எங்கருந்து பாக்குறீங்க?”

பதில் வர ஒரு நிமிஷம் ஆனது.

“பஸ்ல ணா. இப்போ கத்திப்பாரா பாலம் தாண்டிட்டேன். நல்லா வருது.”